புதிருக்கு ஒரு பாட்டு: விடையை உடைக்காமல் விளையாடும் வழி

தினமும் ஒரு சொற்புதிரை எடுத்துவைத்து ஆடும் நண்பர் கூட்டத்தில், "கண்டுபிடிச்சாச்சு" என்ற ஒற்றைச் சொல் சில நாள்களில் சலித்துவிடும். யாராவது ஒருவர் விளையாட்டாக இரண்டு வரி எழுதிப் போடுவார். இன்னொருவர் அதே பாணியில் பதில் சொல்வார். அப்புறம் புதிரைவிடப் பாட்டுக்காகவே வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். நீங்களும் அப்படி ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தால், அல்லது ஒன்றைத் தொடங்கலாம் என்று நினைத்தால், இது உங்களுக்கு.

ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே வரும். விடை தெரிந்தவர் உங்கள் பாட்டைப் படித்தால் சிரிக்க வேண்டும். தெரியாதவர் படித்தால் அவருக்கு அது சாதாரணப் பாட்டாகவே தெரிய வேண்டும். ஒரே வரிக்கு இரண்டு காது. இது தமிழுக்குப் புதிதல்ல. விடுகதைக்குப் 'பிசி' என்று பெயர் கொடுத்து, அதையும் செய்யுள் வகைகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் சேர்த்திருக்கிறது. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடைத்த காளமேகப் புலவர் செய்ததும் கிட்டத்தட்ட இந்த வேலைதான்.

முதலில் புதிரைப் பிரித்துப் பாருங்கள்

தினப் புதிர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று குறிப்புப் புதிர். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' செய்தித்தாளில் ஆர்தர் வின் போட்ட கட்டம்தான் இன்றைய குறுக்கெழுத்துக்குத் தொடக்கம். அதிலிருந்து கிளைத்த பூடகக் குறிப்புகள் தமிழில் நன்றாகவே வேர்விட்டிருக்கின்றன. இன்னொன்று ஊகப் புதிர். ஜாஷ் வார்டில் 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட வேர்டில் அந்த வகை: ஐந்து எழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு, எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள்.

பாட்டுக்கு அதிகத் தீனி தருவது முதல் வகை. ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம்:

தலை போன குதிரை கரையில் வந்து மோதும் (2)

அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாகவே எண்ண வேண்டும், 'கடல்' மூன்றெழுத்து. இந்தக் குறிப்பில் 'குதிரை' என்ற சொல்லின் தலையை, அதாவது முதல் எழுத்தை, வெட்டினால் 'திரை'. கரையில் வந்து மோதுவதும் திரை, அதாவது அலை. குறிப்பின் ஒரு பாதி சொல்லை வெட்டி ஒட்டுகிறது, மறு பாதி பொருளைச் சொல்கிறது. நடுவில் ஒரு பொய்ப் படமும் வருகிறது: கடற்கரையில் முட்டிமோதும் முண்டக் குதிரை. பாட்டு எழுதுபவருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து அந்தப் பொய்ப் படம்தான். புதியவர்கள் விடையைப் பற்றி மட்டுமே எழுதப் பார்க்கிறார்கள். குதிரையைப் பற்றியும் எழுதலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

விடையின் பொருள்களைக் கொட்டுங்கள்

விடை கிடைத்ததும் ஒரு தாளில் அந்தச் சொல்லுக்குத் தெரிந்த பொருளையெல்லாம் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். திரை என்றால்: கடல் அலை. வாசலில் தொங்கும் சீலை. படம் காட்டும் வெண்பரப்பு. நரையோடு சேர்ந்து வரும் தோல் சுருக்கம். பால் கெட்டால் திரைந்துபோகும். திரைமறைவு வேலை. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு. ஐந்து நிமிடம் போதும். இதில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு மூன்றை எடுங்கள். அலையும் கடலும் ஏற்கெனவே உறவு. அதில் வேடிக்கை இல்லை. அலையும் கிழவர் முகமும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதுதான் வேடிக்கை.

எல்லா விடையும் இப்படி வாரி வழங்காது. ஒரே பொருள் உள்ள வறண்ட சொல் வந்தால், விடையை விட்டுவிட்டு, அதைத் தேட நீங்கள் பட்ட பாட்டைப் பாடுங்கள்.

பேச்சு நடையில் ஒரு வரைவு

யாப்பைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். நண்பரிடம் வாயால் சொல்வதுபோல எழுதுங்கள்:

கடலில் பொங்கும், வாசலில் ஆடும், முகத்தில் விழுந்தால் வயசாச்சு.

இதுவே அனுப்பத் தகுந்த பாட்டுதான். புதுக்கவிதையாக மூன்று வரியாக உடைத்துப் போட்டாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. முதல் சில வாரம் இந்த அளவிலேயே நிற்பது நல்லது என்பது என் கருத்து. இலக்கணம் சுத்தமாக இருந்து சிரிப்பு இல்லாத பாட்டைவிட, சிரிப்பு இருந்து இலக்கணம் இல்லாத பாட்டுக்கே கூட்டத்தில் வரவேற்பு.

ஆனால் கொஞ்ச நாளில் உங்களுக்கே வெண்பா ஆசை வரும். சுற்றி இருப்பவர்கள் வெண்பாவில் பேச ஆரம்பித்தால் கை சும்மா இருக்காது. அப்போது அடுத்த பகுதியைப் படியுங்கள்.

வரைவைக் குறள் வெண்பாவாக்குதல்

நாலு அடி நேரிசை வெண்பாவில் தொடங்காதீர்கள். குறள் வெண்பா போதும்: முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, மொத்தம் ஏழே சீர். விளையாட்டுக்கு அது கச்சிதமான அளவு.

தெரிய வேண்டிய இலக்கணம் ரொம்பக் கொஞ்சம். சொல்லின் ஓசைத் துண்டு அசை; அசைகள் சேர்ந்தது சீர். அசை இரண்டு வகை. 'வா', 'நாள்', 'கல்' போன்றவை நேர். 'மலர்', 'பலா', 'படை' போன்றவை நிரை. சொல்லின் முதலில் வரும் குறில், பின்னால் மெய் இல்லாவிட்டால் தனியாக நிற்காது. அடுத்த எழுத்தையும் இழுத்துக்கொண்டு நிரையாகிவிடும் என்று நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஐகாரம் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறிலாகவே எண்ணப்படும்.

இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர். மூன்று அசையாகி நேரில் முடிந்தால் காய்ச்சீர். வெண்பாவில் வேறு சீர் வராது. இனி ஒரே விதி, சீரும் சீரும் ஒட்டும் தளை: மாவுக்குப் பின் நிரையில் தொடங்க வேண்டும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேரில் தொடங்க வேண்டும். கடைசிச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்கும்.

நம் வரைவை இதில் ஓட்டிப் பார்ப்போம்.

'கடலில்' என்பது கட/லில், நிரை நேர், மாச்சீர். அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். 'பொங்கும்' என்பது பொங்/கும், நேரில் தொடங்குகிறது. தளை தட்டுகிறது. அலை வேறு என்ன செய்யும்? எழும், புரளும், குதிக்கும். 'குதிக்கும்' நிரையில் தொடங்குகிறது. போதாததற்கு 'கடலில்' என்பதோடு ககர மோனையும் ஓரளவு ஒட்டுகிறது. மாற்றியாயிற்று.

'குதிக்கும்' என்பதும் மா. எனவே 'வாசலில்' கூடாது, அது நேர். 'கதவில்' சரி. 'கதவில்' மறுபடி மா, ஆகையால் 'ஆடும்' போய் 'அசையும்' வருகிறது. முதல் அடி முடிந்தது.

இரண்டாம் அடியில் 'முகத்தில்' நிரைதான், தளைக்குப் பிழை இல்லை. ஆனால் எதுகை இல்லை. முதல் அடியின் முதல் சீரில் இரண்டாம் எழுத்து 'ட'; இங்கே 'க'. முகத்தை விட்டு 'உடலில்' என்றால் எதுகை தானாக வந்து உட்கார்ந்துவிடும். 'வயசாச்சு' நல்ல பேச்சுச் சொல்தான். ஆனால் கடைசிச் சீருக்கு நீளம் அதிகம். அதற்குப் பதில் 'மூப்பு', காசு வாய்பாடு. நடுவில் 'வரைவதோ' என்று ஒரு கேள்வி ஓகாரத்தைப் போட்டால் விடுகதைத் தொனியும் கிடைக்கும்.

கடலில் குதிக்கும் கதவில் அசையும்
உடலில் வரைவதோ மூப்பு

ஒவ்வொரு மாற்றத்தையும் யாப்புதான் கட்டாயப்படுத்தியது. ஆனால் 'பொங்கும்' என்பதைவிடக் 'குதிக்கும்' நன்றாக இருக்கிறது. யாப்பில் எழுதுவதன் சுகம் அங்கேதான். முதலில் தோன்றிய சொல்லோடு நின்றுவிட அது விடாது.

ஒரு சீரை மாற்றினால் அதன் முன்னும் பின்னும் உள்ள சீர்களை மறுபடி பார்க்க வேண்டும். இதைக் கையால் சரிபார்க்கச் சோம்பலாக இருந்தால், அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இருக்கிறது. பாட்டை உள்ளிட்டால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். முதல் மாதம் கையால் பிரித்துப் பழகிவிட்டு அப்புறம் அதற்குப் போங்கள்; இல்லாவிட்டால் காது பழகாது.

விடை கசிகிறதா என்று பாருங்கள்

அனுப்பும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இது. கசிவு பெரும்பாலும் நாம் எதிர்பாராத இடத்தில் இருக்கும்.

எதுகை முதல் எதிரி. திரை என்ற விடைக்கு நரை, கரை, நுரை என்று அடுக்கி ஒரு பாட்டு எழுதினால், விடை என்ன ஓசையில் முடியும் என்பதைத் தமுக்கடித்துச் சொன்னதாகும். மேலே உள்ள குறளில் எதுகை இடத்தில் ரை வராமல் டகரம் இருப்பதைக் கவனியுங்கள். விடையின் ஓசையிலிருந்து விலகி எதுகை பிடியுங்கள்.

அடுத்தது பொருள் அடுக்கு. மூன்று பொருளையும் சொல்லிவிட்ட அந்தக் குறள் உண்மையில் இன்னொரு புதிர். மூலக் குறிப்பைவிட எளிய புதிர்கூட. அதைக் காலையிலேயே போட்டால் புதிர் அமைத்தவர் முகம் சுளிப்பார், அதுவும் நியாயமாக. பெரும்பாலோர் விடை அனுப்பிய பிறகு அதைப் போடலாம். காலை நேரத்துக்குக் குறிப்பில் ஏற்கெனவே உள்ள சொற்களை வைத்தே ஆடும் பாட்டு வேண்டும். உதாரணத்துக்கு, விடை தெரியாததுபோல நடிக்கும் ஒரு குறள்:

தலைசுற்றிப் போனேன் தலையில்லா ஒன்றால்
அலைகிறேன் இன்னும் விடைக்கு

விடை தெரியாதவருக்கு இது ஒரு புலம்பல். "பாவம், இவருக்கும் வரவில்லை" என்று ஆறுதல்பட்டுக்கொள்வார். தெரிந்தவருக்கு இரண்டாம் அடியின் தொடக்கத்தில் 'அலை' நுழைந்திருப்பது கண்ணில் படும். எழுதியவர் விடை கண்டுபிடித்துவிட்டு நாடகமாடுகிறார் என்று புரியும். என்னைக் கேட்டால் இந்த வகைப் பாட்டுதான் இந்த விளையாட்டின் உச்சம். எழுதுவதும் அவ்வளவு கடினமில்லை. விடைக்கு ஒரு மாற்றுச் சொல் தேடுங்கள். அந்த மாற்றுச் சொல்லை வேறு பொருளில் தரும் வினையையோ பெயரையோ தேடுங்கள். அலை என்ற பெயர் அலைகிறேன் என்ற வினைக்குள் ஒளிந்ததுபோல. 'மதி' விடையானால் 'நிலவு' மாற்றுச் சொல். 'நிலவுகிறது' என்ற வினைக்குள் அதை ஒளிக்கலாம். மதிய நேர வெக்கை நிலவுகிறது என்று அப்பாவியாக எழுதலாம். அதிலேயே 'மதிய' வந்துவிட்டதே, அது கசிவு! 'நண்பகல்' என்று மாற்றுங்கள். இப்படித்தான் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட வேண்டும்.

விடை வெளியான மறுநாள் எந்தத் தடையும் இல்லை. பெயரைப் போட்டே பாடலாம்:

குதிரை தலையிழந்தும் கூத்தாடும் பாரீர்
அதிரும் கரையில் திரை

ஊகப் புதிருக்கு வேறு வழி

வேர்டில் வகையில் குறிப்பு கிடையாது. ஆனால் உங்கள் தவறான ஊகங்கள் இருக்கின்றன. அவற்றை வரிசை மாறாமல் ஒரு கதையாக்குவதே இங்கே வழக்கம். மூன்றெழுத்துப் புதிர் ஒன்றில் ஒருவர் பறவை, கவலை, தவளை என்று போய் விடையைப் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம்.

பறவையாய்க் கிளம்பினேன்
பாதி வழியில் கவலையாய் நின்றேன்
கடைசியில் குளத்தங்கரையில் குந்திக்
கத்திக்கொண்டிருக்கிறேன்

கடைசிச் சொல்லை மட்டும் விழுங்கிவிட வேண்டும். எந்த எழுத்து பச்சையானது என்று பாட்டில் சொல்லாதீர்கள். ஊகங்களில் விடைக்கு மிக நெருங்கிய சொல் இருந்தால் அதையும் தவிர்த்துவிட்டு, முதல் இரண்டு சொல்லை வைத்தே ஒப்பேற்றுங்கள். இந்த வகைக்கு வெண்பா தேவையில்லை. ஊகச் சொற்கள் தளைக்குள் அடங்காமல் அடம்பிடிக்கும்.

பதில் பாட்டு

ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் பாடும்போதுதான் இது நண்பர் விளையாட்டாகிறது. பதிலுக்கு ஏதாவது ஒரு கயிறு வேண்டும். அவர் முடித்த சொல்லில் நீங்கள் தொடங்கலாம், அந்தாதி முறை. அவருடைய எதுகையையே பிடித்துத் தொடரலாம். அல்லது அவர் சொன்னதை அப்படியே மறுக்கலாம். புலம்பினால் கிண்டல் செய்யலாம், பெருமையடித்தால் காலை வாரலாம்.

எனக்குப் பிடித்தது பாதிப் பாட்டு. ஒருவர் முதல் அடியை எழுதி விட்டுவிடுவார், மற்றவர் முடிக்க வேண்டும். இரட்டைப் புலவர்கள் இப்படித்தான் ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பாராம் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. புதியவருக்கு இது பெரிய உதவி. முதல் அடி தயாராக வந்துவிடுவதால் மூன்று சீர் எழுதினால் போதும். தளை எங்கே தொடங்க வேண்டும் என்பதும் அவர் விட்ட நாலாம் சீரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சேர்ந்த புதிதில் யாரிடமாவது "ஒரு அடி கொடுங்கள், முடித்துப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். மறுப்பவர் இருக்க மாட்டார்.

கூட்டத்துக்கான சில வழக்கங்கள்

எழுதி ஒட்ட வேண்டிய சட்டம் எதுவும் இல்லை. ஆனால் விடையை வெளிப்படையாகப் பேசலாம் என்பதற்கு ஒரு நேரத்தைக் கூடிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வரும் பாட்டு மூடுபாட்டு, பின் வருவது திறந்த பாட்டு. சந்தேகமான பாட்டை முதலில் விடை தெரிந்த ஒருவருக்குத் தனியாக அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.

புதியவர் பாட்டில் தளை தட்டினால் எல்லோர் முன்னும் சொல்லாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள், மாற்றுச் சொல் ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மூன்றாம் சீர் பிழை" என்பதோடு நிறுத்துகிறவர்கள் பலரை எழுதவிடாமல் செய்திருக்கிறார்கள். கிண்டல் புதிரைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ இருக்கட்டும். ஆளின் தொழில், உருவம், குடும்பம் எதுவும் வேண்டாம். தினமும் தாமதமாகவே விடை சொல்பவரைக் கேலி செய்யலாமா என்றால், அவரே முதலில் தன்னைக் கேலி செய்துகொண்டு எழுதியிருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

எல்லா நாளும் எழுத வேண்டும் என்று கட்டாயம் வைத்தால் இரண்டு வாரத்தில் கூட்டம் கலையும். சில புதிர்களுக்குப் பாட்டு வராது, விட்டுவிடுங்கள்.

நல்லதாக வந்தவற்றைச் சேமிக்க நினைத்தால், பாட்டை மட்டும் வைக்காதீர்கள். குறிப்பு, விடை, பாட்டு, அதற்கு வந்த பதில் என்று நான்கையும் தேதியோடு ஒரே இடத்தில் எழுதிவையுங்கள். குறிப்பு இல்லாமல் தலையில்லாக் குதிரைப் பாட்டை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், எழுதியவருக்கே அது எதற்காக என்று விளங்காது.